பெரியப்பா பெட்டி

சவுண்டு சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

நம் சங்க மலருக்கு ஈக்வலைசர் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியின் முகப்பில் மேலும் கீழும் நகரும் குச்சிகளில் எதை ஏற்றினால் பேஸ் வரும், எதை இறக்கினால் மைக் ஊளையிடுவது நிற்கும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே கிடைக்கிறது. என்னைவிட லட்சணமான ஆட்கள் வீடியோ போட்டுச் சொல்லித் தருகிறார்கள். தாம்பரத்தைச் சுற்றி மைக் கட்டியே தலை நரைத்தவன் நான். போனில் கிடைக்காத ஒரு சமாசாரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நமக்கு மிஷினால் வரும் தொல்லை கம்மி. மனிதர்களால் வருவதுதான் அதிகம். எந்த மண்டபத்தில் வேண்டுமானாலும் மிக்சரை மேஜைமேல் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அந்த வீட்டுப் பெரியப்பாவாக இருப்பார், இல்லாவிட்டால் பெரியப்பா முகத்தோடு இருப்பார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு, "பேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்பார். எதிர்த்துப் பேசினால் நேரே கல்யாண வீட்டுக்காரரிடம் போவார். சொன்னபடி செய்தால் சத்தம் பாழாகும். இரண்டில் எதைச் செய்தாலும் பழி நம் தலையில்தான் விழும்.

இந்த வியாதிக்கு மருந்து தற்செயலாகக் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆண்டு விழா. கரண்டு எகிறியதில் எங்கள் பழைய ஈக்வலைசர் ஒன்று போய்விட்டது. முகப்பில் பச்சை விளக்குகள் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தன. என் கூட்டாளி செல்வம், ஸ்பீக்கர் கட்டுகிறவன், யாருடைய பதவிக்கும் பயப்படாதவன், அதிலிருந்த பாட்டு லைன்களைப் பிடுங்கி வேறு யூனிட்டில் மாட்டிவிட்டு அதை ஓரமாக வைத்தான். அப்போது பார்த்து ஒரு மேனேஜர் வந்தார். "ட்ரெபிள் காதைக் கிழிக்குது" என்றபடி அந்தச் செத்த பெட்டியின் குச்சிகளைத் தானே வரிசையாக இறக்கினார். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இப்பதான் கரெக்ட்டா இருக்கு. இத யாரும் மாத்தக் கூடாது."

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். செல்வம் என் காலை மிதித்தான்.

"ஆமா சார், இப்பதான் சோக்கா கீது. ஒருத்தனும் கை வெக்காம நான் பாத்துக்கறேன்" என்றான்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி எங்கள் மேஜையில் நிரந்தரமாகக் குடியேறியது. தினமும் துடைத்துப் பளபளவென்று வைப்போம். பின்னால் பவர் வயர் மட்டும் இருக்கும். பாட்டு போகிற வயர் ஒன்றும் இருக்காது. பெரியப்பா பெட்டி என்று பெயரும் வைத்தோம். யாராவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால், "சார், உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, மெயின் யூனிட்ட நீங்களே பாத்துக்குங்க" என்று அதன்முன் ஒரு நாற்காலியைப் போட்டுவிடுவேன். அவருக்கு மரியாதை, எனக்கு நிம்மதி. சிரிக்காதீர்கள், இனிமேல்தான் கதையே இருக்கிறது.

சிட்லபாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபம் புதிது. தரை முழுக்க கிரானைட். ஏரிக் காற்று வருகிறதோ இல்லையோ, ஏரி தெரிய வேண்டும் என்று ஒரு பக்கச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கியிருந்தார்கள். உள்ளே ஒருவர் தும்மினால் குடும்பத்தோடு தும்மிய மாதிரி கேட்கும். மத்தியானம் காலி மண்டபத்தில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் பெரியப்பா வந்து சேர்ந்தார். நிஜமான பெரியப்பாவே. வெங்கடேசன் என்று பெயர், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கி வைத்திருந்தார். திரையில் பச்சை பச்சையாக மலைகள் எழும்பி அடங்கின.

"பாய், இந்த ஹால் ரெஸ்பான்ஸ் பாத்தீங்களா? டூ பாயிண்ட் ஃபைவ் கிலோ ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு பீக் நிக்குது, அந்தச் சத்தம் மட்டும் தனியா எகிறுது. வாய்ஸ் க்ளியரா வர வேண்டிய இடமே அதானே? அதை வெட்டவும் முடியாது, விடவும் முடியாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். தப்பாகச் சொல்கிறவரை மன்னித்துவிடலாம். சரியாகச் சொல்லிவிட்டு நம் பக்கத்திலேயே நிற்கிறவரை என்ன செய்வது? நாற்காலியைப் போட்டேன். பெட்டியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்க வந்து குந்துன அப்பால தான் மைக்குக்கே தெம்பு வந்துகீது" என்றான் செல்வம். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சாயங்காலம் கூட்டம் சேர்வதற்கு முன் ஒரு அம்மாள் மைக் பக்கம் வந்தார். வெங்கடேசன் சாரின் மனைவி, பெண்ணுக்குப் பெரியம்மா. கமலா என்று பெயர். பேச வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, குரலில் பாதி வெறும் காற்றாக இருந்தது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"நித்யா குழந்தையா இருக்கச்சே தூங்க வெக்கறதுக்காக ஒரு பாட்டு பாடுவேன் பாய். ரிசப்ஷன்ல அதைப் பாடியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. தொண்டைல ஆபரேஷன் ஆனதுலேருந்து நாலு பேர் முன்னாடி நான் பாடினதே இல்ல. குரல் வெளிய கேக்கலன்னா பாதியில நிறுத்திட்டு ஏதாவது சினிமாப் பாட்டு போட்டுடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"கேக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் அதிலுள்ள சிக்கல் உறைத்தது. மெல்லிய குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோக வேண்டுமானால் மைக்கின் சத்தத்தை மிகவும் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி ஊளையிட ஆரம்பிக்கும். ஊளை வருகிற இடமும் அந்தம்மாள் குரல் இருக்கிற இடமும் ஒன்றாக இருந்தால் ஈக்வலைசரால் ஒன்றும் ஆகாது. ஒன்றை இறக்கினால் மற்றதும் சேர்ந்து இறங்கும். வெங்கடேசன் சார் பெரியப்பா பெட்டியில் ஒரு குச்சியை அவசரமாக மேலே தள்ளினார். இவர் தொல்லை வேறு, என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் வந்ததும் எனக்கு உயிர் வந்தது. தம்பிகளே, கண்ணாடிக்கும் கிரானைட்டுக்கும் மாற்று மனித உடம்புதான். அதிலும் கனமான பட்டுப் புடவைகள் சத்தத்தை ஈரத்துணி தண்ணீரை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிக்கொள்ளும். இருக்கைகள் நிரம்ப நிரம்ப மண்டபம் சாதுவாகியது. மத்தியானம் குதித்த மலைகள் வெங்கடேசன் சார் போனில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டன. மெல்லிசைக்காரர்கள் வாசித்தது தேனாக ஒலித்தது. இந்தக் கூட்டம் இருக்கிற வரை பெரியம்மாவின் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்விடலாம். கணக்குப் போட்டு மைக்கை ஏற்றி வைத்தேன். எனக்கே என்மேல் காதல் வந்துவிடும் போலிருந்தது.

கமலா அம்மாள் மேடை ஏறினார். மணப்பெண் நித்யா மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வாசல் பக்கமிருந்து, "கீழ பந்தி போட்டாச்சு, இளநீர் பாயசமாம்" என்றார்.

அவ்வளவுதான். முதலில் கடைசி வரிசை எழுந்தது, பிறகு நடு வரிசை. நம் ஜனங்கள் பந்திக்குக் கிளம்புகிற அழகு உங்களுக்குத் தெரியும், அவசரப்படாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள். பெரியம்மா தொண்டையைச் செருமி முதல் வரியைத் தொடங்கும்போது மண்டபத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். பட்டெல்லாம் படியிறங்கிப் போய்விட்டது. கண்ணாடியும் கிரானைட்டும் விழித்துக்கொண்டன. மைக் ஊளையிட்டது.

ஈக்வலைசரைத் தொட்டேன். நிஜமானதை. ஊளை நின்றது, ஆனால் பெரியம்மா தலையணைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி ஊளை. அவர் பாட்டை நிறுத்தி மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். என்னைப் பார்த்தார். சினிமாப் பாட்டைப் போட்டுவிடுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. நித்யாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"பாய், ஏதாவது பண்ணுங்க" என்றார் வெங்கடேசன் சார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பதறும்போது கை தானாகக் குச்சிகளுக்குத்தான் போகும். எதையாவது தள்ளிக்கொண்டிருந்தால் வேலை செய்கிற மாதிரி நமக்கே ஒரு ஆறுதல். அன்று நான் கையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

"சார், மிஷின்ல ஒண்ணும் இல்ல. ஜனம் வேணும். கீழ போனவங்களக் கொண்டாங்க" என்றேன்.

வேறு யாராவது இருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. காலி மண்டபம், கண்ணாடி, பட்டு எல்லாம் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எழுந்து ஓடினார். ஓடும்போது பெட்டியையும் இடுக்கிக்கொண்டே ஓடினார். பிளக் பிடுங்கிக்கொண்டு, பவர் வயர் வால் மாதிரி படியில் தடதடவென்று பின்னால் போனது. செல்வமும் கூட ஓடினான். நான் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் புரிந்துகொண்டு பெரியம்மாவின் ராகத்தை மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

கீழே நடந்ததைச் செல்வம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்புவது நடக்காத காரியம், இலையில் உப்பு வைத்தாயிற்று. ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் ஒருவர், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இடம் போட்டுக்கொண்டு நிற்பார் இல்லையா, அவர்களெல்லாம் சும்மாதான் நின்றார்கள். "மேல கமலா பாடறா, எல்லாரும் வாங்க" என்று வெங்கடேசன் சார் கும்பிட்டுக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பிடித்த நாற்காலியை விடுவதாவது. கையில் பெட்டியும் தொங்குகிற வயருமாக அவரைப் பார்த்து, கரண்டுதான் போயிற்று போல என்று ஒருவர் விசிறியைத் தேடினாராம்.

அப்போது அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். சமையல் காண்ட்ராக்டரிடம் போய், "அந்தப் பாயசப் பாத்திரத்த மேல தூக்குங்க" என்றார்.

"சார், பந்தி நடக்குதே?"

"பாயசம் கடைசியிலதானே போடுவீங்க? தூக்குங்க. பாட்டு முடிஞ்சா மேலயே எல்லாருக்கும் குடுக்கலாம்."

படிக்கட்டில் ஏதோ பெரிய சத்தம் கேட்டது. முதலில் செல்வம் தலையை நீட்டினான்.

"பாய், சாமி ஊர்வலம் வந்துகினு கீது."

முன்னால் பெட்டியை அணைத்தபடி வெங்கடேசன் சார். அவருக்குப் பின்னால் இரண்டு பரிமாறுகிறவர்கள் துணி சுற்றிப் பிடித்த அண்டா. அண்டாவுக்குப் பின்னால் இரண்டாம் பந்தி முழுவதும். பட்டுச் சரசரப்பு படியேறி வருகிற சத்தத்தைப்போல இனிமையான சங்கீதத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

"பாய், எங்க வெக்கணும்?" என்றார் வெங்கடேசன் சார், மூச்சு வாங்க.

கண்ணாடிச் சுவர் ஓரத்தைக் காட்டினேன். அண்டா அங்கே போனது. கூட்டமும் அங்கே போனது. கண்ணாடி முழுவதையும் காஞ்சிபுரம் பட்டு மூடியது. கமலா அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் மைக்கை மறுபடி உயர்த்தினார். மெல்லிய ஊளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சைகை காட்டினேன். அண்டா நகர்ந்தது. கூட்டம் நகர்ந்தது. ஊளை குறைந்தது.

"அக்கா, பாட்டு முடியாங்காட்டி பாயசம் கெடையாது, அப்படியே கொஞ்சம் முன்னால வாங்க" என்று செல்வம் ஆட்களை நெருக்கினான். ஊளை சுத்தமாக நின்றது. நான் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. உலகத்தில் பாயச அண்டாவை நகர்த்திச் சத்தத்தைச் சரி செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பு வேறு அடக்க முடியாமல் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா பாடினார். முதல் வரியில் குரல் கொஞ்சம் நடுங்கியது. தன் குரல் மண்டபத்தின் கடைசி வரை போய்வருவது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், இரண்டாவது வரியில் நிமிர்ந்துகொண்டார். பாதி காற்றும் பாதி குரலுமாக இருந்த அந்தப் பாட்டு குழந்தையின் காதருகில் பாடுகிற மாதிரியே எல்லோருக்கும் கேட்டது. நித்யா அவர் தோளில் சாய்ந்து, முகப்பூச்சு கரைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். பாயசத்துக்காக வந்தவர்கள் பாயசத்தை மறந்துவிட்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் வெங்கடேசன் சார் ஒரு டம்ளர் பாயசத்தோடு என்னிடம் வந்தார். இன்னொரு கையில் பெட்டி. அதை மேஜைமேல் பழைய இடத்திலேயே வைத்தார்.

"இதுக்கு லைனே இல்ல, பவர் மட்டும்தான் இருக்குன்னு மத்தியானமே பாத்துட்டேன் பாய்."

எனக்குப் பாயசம் புரையேறியது. செல்வம் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் சார் சாயங்காலம் பூரா தள்ளிக்கிட்டே இருந்தீங்க?"

"அவ பாடப் போறான்னதுலேருந்து கை நிக்கல. பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல" என்றார். சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

அதுவரை அந்தப் பெட்டி எங்களைப் பெரியப்பாக்களிடமிருந்து காப்பாற்றுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு யார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாலும் எனக்கு எரிச்சல் வரவில்லை. மேடையில் இவருக்கு வேண்டியவர் யார் என்று ஒருமுறை தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். செல்வம்கூட அதற்கப்புறம் கிண்டலைக் குறைத்துக்கொண்டான், கொஞ்சம்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பீர்க்கன்கரணையில் என் மகள் கல்யாண விருந்துக்கு நீங்கள்தான் மைக் கட்டினீர்கள். கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க உலாவியபடியே சத்தத்தைச் சரி செய்தீர்கள். பார்க்கப் பெருமையாக இருந்தது. இருந்தும் கால் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். "மிட் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று சொன்னேன். நானேதான் சொன்னேன்.

உங்களில் ஷாலினி, கண்ணில் பொட்டுச் சிரிப்புகூட இல்லாமல், "பாய், உங்களுக்குத் தெரியாததா? மெயின் யூனிட்ட நீங்களே பாத்துக்குங்க" என்று ஒரு நாற்காலியைப் போட்டாள். முன்னால் பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டி இருந்தது.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பவர் வயர் மட்டும்தான் இருந்தது.

அடிப்பாவி, என்று திரும்புவதற்குள் என் மகள் எல்லோருக்கும் நன்றி சொல்ல மைக்கை வாங்கிவிட்டாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் கம்மும். நான் மறுபடி முன்பக்கம் திரும்பி, குரலுக்கு உண்டான குச்சியைத் தேடிப் பிடித்து மெதுவாக மேலே தள்ளினேன். அவள் பேசி முடிக்கிற வரை அதிலிருந்து விரலை எடுக்கவில்லை.